ஏவிய நாயைத் திரும்ப அழைக்க ஒரு விசில்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் குடும்பங்களில் நாய் இல்லாத குடும்பம் குறைவு. மக்காச்சோளக் கொல்லைக் காவலுக்கு ஒன்று, ஆட்டுப் பட்டிக்கு ஒன்று, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கமானால் முந்திரித் தோப்புக்கு ஒன்று என்று வளர்க்கிறோம். நாயை ஏவுவதற்கு நம்மிடம் சொல் உண்டு. ‘சூ’ என்றால் போதும். எட்டு மாதக் குட்டியும் பாய்ந்துவிடும். பாய்ந்த நாயைத் திரும்ப வரவழைக்கத்தான் வழி தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கத்துகிறோம். ‘தோ, தோ’ என்கிறோம். கடைசியில் கல்லை எடுக்கிறோம். நாய் தன் காரியம் முடிந்த பிறகே வருகிறது.

இதனால் நேரும் இழப்பு சிறிதல்ல. சென்னை–திருச்சி நான்குவழிச் சாலை பெரம்பலூர் மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமெண்ட் ஆலைகளுக்கு ஓடிக்கொண்டே இருக்கின்றன. முயலைத் துரத்தும் நாய் சாலையைப் பார்ப்பதில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் கொல்லைகளில் இன்னும் பல உள்ளன. காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டத்திற்குப் புறம்பாக இழுத்து வைக்கும் மின்கம்பியிலும், சுருக்குக் கம்பியிலும், தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியிலும் நம் நாய் போய் மாட்டிக்கொள்கிறது. எலிக்கு வைத்த விஷ உருண்டையை முகர்ந்து நிற்கும் நாயை அந்த நொடியில் கூப்பிட முடிந்தால் பிழைக்கும். முடியாவிட்டால் பிழைப்பது அரிது.

நாய்க்கு வரும் கேடு ஒரு பக்கம் என்றால், நாயால் வரும் கேடு இன்னொரு பக்கம். திருப்பூர் மாவட்டம் காங்கயம் பகுதியில் தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதற்கு இழப்பீடு கேட்டு விவசாயிகள் 2024, 2025 ஆண்டுகளில் போராட்டம் நடத்தியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த நாய்களுக்கு உரியவர் யாரும் இல்லை. நம் நாய்க்கு உரியவர் இருக்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரரின் வெள்ளாட்டுக் குட்டி போனால் கணக்கு நம் வாசலுக்குத்தான் வரும்.

காட்டு விலங்கானால் கணக்கு வனத்துறைக்குப் போகும். பெரம்பலூர் மாவட்டத்துக் காப்புக் காடுகளிலிருந்து வெயில் காலத்தில் புள்ளிமான்கள் தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் வருகின்றன. நாய்கள் அவற்றை விரட்டிக் கடிப்பதும், மான் கிணற்றில் விழுவதும் அடிக்கடி நடக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருளல்ல. துரத்துவதும் விரட்டுவதும் அதில் அடங்கும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியை ஒட்டி நிலம் உள்ளவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அந்தப் பறவைகள் சரணாலயம் 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும் வரித்தலை வாத்துக் கூட்டத்திற்குள் ஒரே ஒரு நாய் புகுந்தாலும் கூட்டம் முழுவதும் கலைந்து எழும்.

ஆகவே, ஏவப் பழக்கிய நாய்க்குத் திரும்பி வரவும் பழக்கியாக வேண்டும். அதற்கு இரண்டு தேநீர் விலையில் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் விசிலும், நாளொன்றுக்குக் கால் மணி நேரமும் போதும். பொறுமை மட்டும் கடையில் கிடைக்காது.

நாய் போடும் கணக்கு

நாள் முழுவதும் நாம் நாயை எதற்கெல்லாம் கூப்பிடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சங்கிலியில் கட்டுவதற்கு, குளிப்பாட்டுவதற்கு, ஊசி போடுவதற்கு, கோழியை விரட்டியதற்காக இரண்டு வைப்பதற்கு. கூப்பிட்ட குரலுக்கு வந்தால் நட்டம். வராமல் நின்றால் இன்னும் சிறிது நேரம் விளையாட்டு. இந்தக் கணக்கை நாய் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கிறது. ‘சொன்ன பேச்சு கேட்காத நாய்’ என்று நாம் ஏசுவது, நாம் கற்றுக்கொடுத்த பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்கும் நாயைத்தான்.

அடியாத மாடு படியாது என்பார்கள். மாட்டுக்கே அது சரிதானா என்பது தனி விவாதம். தொலைவில் ஓடும் நாய்க்கு அடி எட்டவே எட்டாது. அது திரும்பி வந்த பிறகுதான் அடி விழுகிறது. நாயின் அறிவு, அடியை அரை நாழிகைக்கு முன் நடந்த குற்றத்தோடு சேர்த்துப் பார்க்காது. அடி விழும் நேரத்தில் தான் செய்துகொண்டிருந்த செயலோடுதான் சேர்க்கும். அந்தச் செயல் என்ன? நம்மிடம் வந்தது. அடுத்த முறை அது வர மாட்டேன் என்றால் குற்றம் யாருடையது?

குரலுக்கு இன்னொரு குறையும் உண்டு. காலையில் கொஞ்சும் குரலும் கொல்லையில் கோபத்தோடு கத்தும் குரலும் நாய்க்கு ஒன்றல்ல. அப்பா கூப்பிடுவது ஒரு மாதிரி, அம்மா கூப்பிடுவது ஒரு மாதிரி. விசிலுக்குக் கோபம் தெரியாது. யார் ஊதினாலும் ஒரே ஒலி. எதிர்க்காற்றிலும் மனிதக் குரலைவிடத் தெளிவாகப் போய்ச் சேரும். நாயின் பெயரை ஒரு நாளில் நூறு முறை உச்சரிக்கிறோம். அது தேய்ந்த காசு. விசில் புதுக்காசு. அதற்கு என்ன மதிப்பு என்பதை நாம்தான் முதலிலிருந்து ஏற்றப் போகிறோம்.

எந்த விசில் வாங்கலாம்?

மனிதக் காது நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். நாயின் காது 45,000 வரை கேட்கும். இதை வைத்துத்தான் மனிதருக்குக் கேட்காத விசில் செய்தார்கள். அதை முதலில் செய்தவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், ஆண்டு 1876. கைத்தடியின் நுனியில் சின்ன விசிலைப் பொருத்தி, பிடியில் இருந்த ரப்பர்க் குழாயை அமுக்கி ஊதவைத்து, மிருகக்காட்சிசாலை விலங்குகளின் காதருகே நீட்டிப் பார்த்திருக்கிறார். 1883-இல் வெளியிட்ட நூலில் அதையெல்லாம் எழுதியும் வைத்திருக்கிறார். இன்றும் ‘சத்தமில்லா விசில்’ என்று கடைகளில் விற்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். திருகு சற்று நகர்ந்தால் ஒலி மாறிவிடும். மாறியது நம் காதுக்குத் தெரியாது. மேலும், மிக மெல்லிய உயர்ந்த ஒலி காற்றிலும், ஆளுயரம் நிற்கும் மக்காச்சோளத் தட்டையிலும் விரைவில் கரைந்துபோகும். நம் காதுக்கும் கேட்கிற சாதாரண விசிலே கொல்லைக்குச் சிறந்தது.

உள்ளே உருண்டை இல்லாத விசிலாகப் பாருங்கள். உருண்டை உள்ளது எச்சிலிலும் கதிரடிக்கும் தூசியிலும் சிக்கி, சமயத்தில் ஊமையாகிவிடும். உலோக விசில் சித்திரை வெயிலில் உதட்டைச் சுடும். பிளாஸ்டிக்கில் பளிச்சென்ற நிறமாக, ஒரே மாதிரி இரண்டு மூன்று வாங்கி, ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மற்றதை வீட்டில் வையுங்கள். தொலைந்தால் அதே ஒலியுள்ளது கையில் இருக்கும்.

ஊதும் முறையையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். சாலையோரக் கொல்லை என்றால் பேருந்து நடத்துனரின் ஒற்றை விசிலும் இரட்டை விசிலும் நாள் முழுவதும் நாயின் காதில் விழும். பக்கத்தில் பள்ளி மைதானம் இருந்தால் அதன் விசிலும் விழும். ஆகவே மூன்று சிறு ஊதல், ‘பீ-பீ-பீ’ என்று, ஒரே மூச்சில் ஊதுவது நல்லது. மயிலையும் கிளியையும் விரட்ட அதே விசிலைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குத் தகரம் தட்டுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக எடுத்து ஊதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீணாக ஊதும் ஒவ்வொரு ஊதலும் அந்தப் புதுக்காசைத் தேய்க்கும்.

ஸ்காட்லாந்து, வேல்ஸ் மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் நெடுந்தொலைவில் நிற்கும் நாயை விசிலாலேயே நடத்துகிறார்கள். இடப்பக்கம் சுற்று, வலப்பக்கம் சுற்று, படு, மெல்ல முன்னேறு, திரும்பி வா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊதல். பிரிட்டனில் இத்தகைய நாய்களின் முதல் போட்டி 1873-இல் வேல்ஸ் பகுதியின் பாலா என்ற ஊரில் நடந்தது. அந்த நாய்கள் பல தலைமுறையாக அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. நம் நாட்டு நாய்க்கு அத்தனை பாடமும் தேவையில்லை. ‘திரும்பி வா’ ஒன்று மட்டும் போதும்.

தொடங்குமுன் காதைச் சோதியுங்கள்

ராஜபாளையம் இனக் குட்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 2005-இல் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற பெருமை அந்த இனத்துக்கு உண்டு. ஆனால் பால் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் பல குட்டிகளுக்கு வந்துவிடுகிறது. குட்டி தூங்கும்போதோ, முகத்தைத் திருப்பி நிற்கும்போதோ, பின்னாலிருந்து விசிலை மெதுவாக ஊதிப் பாருங்கள். நம் நிழலோ, மூச்சுக் காற்றோ, கால் அதிர்வோ அதற்குப் படக் கூடாது. தலையைத் திருப்பாத குட்டியை ‘முரட்டுக் குட்டி’ என்று அடிப்பவர்கள் உண்டு; பாவம், அதற்குக் கேட்கவே இல்லை. ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி ஒலியை உணரும், ஆனால் எந்தத் திசை என்று தெரியாமல் தடுமாறும். ஐயமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டு நாயையும் பழக்கலாம். விசிலுக்குப் பதில் பகலில் கையசைப்பு, இரவில் டார்ச் விளக்கை மூன்று முறை அணைத்து ஏற்றுவது. மற்ற பாடமெல்லாம் ஒன்றேதான். ஆனால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் கூப்பிட வழியில்லை. திறந்த கொல்லையில் அவிழ்த்துவிட வேண்டாம்.

முதல் வாரம் – வாசலில்

ரஷ்ய நாட்டு உடலியல் அறிஞர் பாவ்லாவ், செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். சோறு வருமுன் ஓர் ஒலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நாய், ஒலி மட்டும் கேட்டாலும் எச்சில் ஊறும் என்று அவர் காட்டினார். இதில் நமக்கு வேண்டியது வரிசைதான். ஒலி முன்னால், தீனி பின்னால். தீனியைக் காட்டிவிட்டு ஊதினால் நாய் தீனியைப் பார்க்குமே தவிர ஒலியைக் கேட்காது.

தீனி என்றால் தினமும் போடும் சோறு அல்ல. விசிலுக்கு மட்டுமே கிடைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வேகவைத்த கோழி ஈரல், வேகவைத்த முட்டை, உப்புப் போகத் தண்ணீரில் ஊறவைத்து அலசிய கருவாடு, இவற்றில் ஏதாவது ஒன்று, புளியங்கொட்டை அளவுத் துண்டுகளாக. வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சின்ன வெங்காயம் விளையும் ஊர்களில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. பச்சையானாலும் வெந்ததானாலும் அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். வெங்காயம் போட்டு வதக்கிய ஈரலையோ, மீந்த சாம்பார்ச் சோற்றையோ கொடுத்துப் பழக்காதீர்கள்.

காலை, மாலை இரு வேளையும், சோறு போடுமுன், பசியோடு இருக்கும்போது தொடங்குங்கள். நாய் பக்கத்திலேயே நிற்கட்டும். கூப்பிட வேண்டாம், எதுவும் பேச வேண்டாம். மூன்று ஊதல், உடனே ஒரு துண்டு வாயில். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். ஒரு வேளைக்குப் பத்து முறை போதும். ஐந்தாறு நாள் கழித்து, நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஊதிப் பாருங்கள். சுள்ளென்று தலையைத் திருப்பி உங்கள் கையைத் தேடினால் முதல் பாடம் முடிந்தது. திரும்பவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம். அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த வேலையை யார் செய்வது? நாய்க்குச் சோறு வைப்பவர்தான் செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது வீட்டுப் பெண்கள். பயிற்சி முகாம்களில் ஆண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். நாயோ வீட்டில் அம்மா பேச்சைத்தான் கேட்கிறது. அம்மா தொடங்கட்டும். நாய் பழகியபின் மற்றவர்களும் அதே முறையில் ஊதி, அதே தீனியைத் தங்கள் கையால் கொடுக்கட்டும்.

களத்தில்

அடுத்த பாடத்துக்கு நெல்லும் சோளமும் அடிக்கும் களம் ஏற்ற இடம். ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பத்தடி தள்ளி நின்று ஊத வேண்டும். பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். ஓடி வந்ததும் தீனி. கொடுக்கும்போது ஒரு கை கழுத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். நாலடி தூரத்தில் வந்து நின்று, கையை நீட்டினால் நழுவி ஓடும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டையில் கை பட்டால் கட்டிப் போடுவார்கள் என்று அவை படித்து வைத்திருக்கின்றன. கை பட்டால் ஈரல் கிடைக்கும் என்று இந்த நாய் படிக்கட்டும். பிறகு இருவரும் மாறி மாறி ஊதி, தூரத்தை இருபது, முப்பது அடியாக நீட்டலாம்.

இங்கேதான் ஒரு முக்கியமான பழக்கத்தைத் தொடங்க வேண்டும். வந்த நாயைக் கட்டாதீர்கள். தீனி கொடுத்து, தட்டிக்கொடுத்து, மறுபடி விட்டுவிடுங்கள். ஒன்பது முறை விட்டால் பத்தாவது முறை கட்டலாம். விசிலுக்கு வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்ற எண்ணம் நாய்க்கு வரவே கூடாது. குளிப்பாட்டவோ, மருந்து புகட்டவோ வேண்டுமானால் விசில் ஊதாமல் நாமே நடந்து போய்ப் பிடித்து வர வேண்டும்.

கயிற்றோடு கொல்லையில்

களத்தில் பத்துக்குப் பத்து வரும் நாய், கொல்லையில் முயல் வாடை கிடைத்ததும் செவிடாகிவிடும். அது நாயின் குற்றமல்ல. துரத்துவதே நாய்க்குப் பெரிய தீனி. நம் கையிலுள்ள ஈரல் அதற்கு முன்னால் எம்மாத்திரம்? ஒரு முறை விசிலை மீறி ஓடித் துரத்திச் சுவை கண்டால், மீறினால் இலாபம் என்று ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் கயிறு.

பதினைந்து மீட்டர் நீளத்தில் சன்னமான, உறுதியான கயிறாக எடுங்கள். நைலான் கயிறு வேகமாக ஓடும்போது உள்ளங்கையை அறுக்கும். பருத்திக் கயிறு நல்லது. கயிற்றைக் கழுத்தில் கட்டாமல், மாரையும் முதுகையும் சுற்றி வரும் பட்டையில் கட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடி, கயிறு முடியும் இடத்தில் கழுத்தில் சுண்டினால் நாய்க்குக் காயம் படும். கயிற்றின் நுனியில் சுருக்கோ முடிச்சோ வேண்டாம். பருத்தி மாரில் மாட்டிக்கொள்ளும். தரையில் இழுபட விட்டுவிட்டு, தேவையானால் மிதித்து நிறுத்துங்கள். கயிறு நாயை இழுத்து வருவதற்காக அல்ல. தப்பான வழியில் அது பயன் அடையாமல் தடுப்பதற்காக.

இப்போது ஆட்டைக் காட்டலாம். கட்டிப்போட்ட ஆடு, நூறு அடிக்கு அப்பால். நாய் பார்க்கும், காதை நிமிர்த்தும். ஊதுங்கள். வந்தால் ஒரு துண்டு அல்ல, கைநிறையக் கொடுங்கள். சில நாள் கழித்து எண்பது அடி, அறுபது அடி என்று நெருங்கலாம். பிறகு மேயும் ஆடு, கோழி, பக்கத்து வீட்டு நாய். ஒரு தூரத்தில் இரண்டு முறை தவறினால் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். சிலர் இங்கே பொறுமை இழந்து, ‘நேற்று வந்ததே, இன்று ஏன் வரவில்லை?’ என்று கேட்கிறார்கள். நேற்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று யோசியுங்கள். ஆடிக் காற்றில், காற்று வரும் திசையில் நாய் இருந்தால் நம் ஊதல் அதைச் சரியாக எட்டாது. காற்றுக்கு மேலே போய் நின்று ஊதினால் கேட்கும்.

ஊதும் நொடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாய் பாய்ந்து ஓடத் தொடங்கிய பிறகு ஊதுவது மிகவும் கடினமான பாடம். பாய்வதற்கு முன் ஒரு நொடி உண்டு. காது முன்னால் வரும், வால் விறைக்கும், வாய் மூடும், உடல் கல்லாக நிற்கும். அந்த நொடியில் ஊதினால் பாதி வேலை முடிந்தது. நாயைப் பழக்குவது என்று சொல்கிறோம்; இந்த நொடியைக் காண நம் கண்ணைப் பழக்குவதும் அதில் ஒரு பகுதி.

வராதபோது என்ன செய்வது?

ஒரு முறை ஊதினீர்கள், வரவில்லை. மறுபடி மறுபடி ஊதாதீர்கள். பத்தாவது ஊதலுக்கு வந்தால் போதும் என்று நாய் கற்றுக்கொள்ளும். துரத்திக்கொண்டு ஓடவும் வேண்டாம்; நாயும் விளையாட்டு என்றே நினைத்து முன்னால் ஓடும். எதிர்த் திசையில் நீங்கள் ஓடுங்கள், அல்லது தரையில் குந்தி எதையோ கிளறுவது போல் பாசாங்கு செய்யுங்கள். பெரும்பாலான நாய்கள் என்னவென்று பார்க்க வரும். அதற்கும் வராவிட்டால் பேசாமல் நடந்து போய்க் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாய்க்கு நல்ல முகம்தான். வயிறெரிந்தாலும் சரி.

வரும் என்று உறுதியில்லாத நேரத்தில் ஊதவே கூடாது என்பது இந்தப் பயிற்சியின் ஆணிவேர். கயிற்றில் இருந்தால் ஊதலாம். இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடலாம். பத்து முறை ஊதிப் பத்து முறையும் வந்த நாயை நம்பலாம். பத்தில் ஏழு முறை வரும் நாய், லாரி வரும்போது எட்டாவது முறையாக இருந்தால் என்ன செய்வது?

ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை நல்ல குட்டியும் பேச்சைக் கேட்காது. அது பருவம். மறுபடி கயிற்றுக்குப் போய்விடுங்கள், கடந்துபோகும். பெட்டை நாய் சூட்டில் இருக்கும் நாட்களிலும், அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு பெட்டை இருக்கும்போதும் எந்த விசிலையும் நம்ப வேண்டாம். கருத்தடை செய்து வைப்பது நல்லது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்கள் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. அவற்றுக்குக் குட்டியிலேயே தொடங்க வேண்டும்; மான் நடமாட்டம் உள்ள இடத்தில் எவ்வளவு பழகியிருந்தாலும் அவிழ்த்து விடாதீர்கள். வயதான நாட்டு நாய் கற்காது என்பது சரியல்ல. நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சிலர் வீட்டில் ஏற்கெனவே விசில் ஊதிப் பழக்கிக் கெட்டுப்போயிருக்கும். அதைச் சீர்ப்படுத்த முயல வேண்டாம். வேறு ஒலியுள்ள விசில் வாங்கி, ஊதும் முறையையும் மாற்றி, வாசலிலிருந்து தொடங்குங்கள். பழைய விசிலைப் பரணில் போட்டுவிடுங்கள்.

பழகிய பிறகும் தீனியை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேண்டியதில்லை. ஆனால் எப்போது கிடைக்கும் என்று நாய்க்குத் தெரியக் கூடாது. ஒரு நாள் தட்டிக்கொடுத்தல், ஒரு நாள் ஒரு துண்டு, திடீரென்று ஒரு நாள் ஒரு முட்டை முழுவதும். பட்டி நாய்க்கு மறுபடி வேலைக்கு ஏவுவதே பெரிய பரிசு.

மக்காச்சோளக் கொல்லையில்

காட்டுப்பன்றிக் காவலில் நாயின் வேலை குரைப்பது. பன்றியோடு மல்லுக்கு நிற்பது அல்ல. ஆண் பன்றியின் கோரைப்பல் ஒரே வீச்சில் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். நாய் குரைத்ததும் நாம் எழுந்து விளக்கடித்து, தகரம் தட்டி, நாயை விசிலால் பின்னுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். இது பகலில் பழகிய நாய்க்கும் இரவில் புதுப் பாடம். இருட்டில் ஒரு வாரமாவது கயிற்றோடு தனியாகப் பழக்குங்கள்.

கொல்லை நாய் நரி, கீரி, தெருநாய் எல்லாவற்றோடும் மோதும். ஆகவே வெறிநோய்த் தடுப்பூசி இல்லாத நாயைக் காவலுக்கு விடுவது வீட்டாருக்கே ஆபத்து. மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் நடக்கும் முகாம்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். யாரையாவது நாய் கடித்தால், நம் வீட்டு நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் புண்ணைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

பங்குனி, சித்திரையில் கொல்லை காலியாகக் கிடக்கும். நாயைத் தொலைவிலிருந்தும் கண்ணால் பார்க்கலாம். பாடம் தொடங்க அதுவே நல்ல காலம். வெயில் ஏறுவதற்குள், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓடிக் களைத்த நாய்க்கு வெயில் தாக்கினால் உயிருக்கே மோசம். வைகாசி, ஆனியில் கயிற்றோடு ஆட்டுப் பாடம். ஆடியில் காற்றுப் பாடம். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகை, மார்கழியில் கதிர் பிடித்துப் பால் ஏறும். பன்றி வரும் காலம் அதுதான். அதற்கு முந்தைய வாரம் கொல்லையின் நான்கு மூலைகளிலும் நின்று ஒவ்வொரு முறை ஊதிப் பாருங்கள். எந்த மூலையிலிருந்து ஊதினால் நாய் தடுமாறுகிறதோ, அந்தப் பக்கக் காவலுக்கு இந்த ஆண்டு நாயைக் கயிற்றோடு வைத்துக்கொள்ளுங்கள்.